பின் இருக்கையிலிருந்து ஒரு ஹிமாலயன்: முதலமடை முதல் மறையூர் வரை

மோட்டார் சைக்கிள் விமர்சனங்களைப் பெரும்பாலும் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள். எஞ்சினுக்கு எவ்வளவு சக்தி, எத்தனை நொடியில் நூறைத் தொடுகிறது, வளைவில் எவ்வளவு சாய்கிறது என்பதெல்லாம் விரிவாக வரும். பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் வண்டி எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது. அந்த ஒருவர் பதினொரு வயதுப் பிள்ளை என்றால் அதுவும் கிடைக்காது. ஆனால் நம் ஊரில் வண்டி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டு ஆட்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள். அதனால் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 பற்றிய இந்த விமர்சனத்தைப் பின் இருக்கையிலிருந்து எழுதுகிறேன். அங்கே உட்கார்ந்து வந்தவள் என் மகள். முதலமடையில் கிளம்பி கோவிந்தாபுரம், பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு வழியாக மறையூர், அதற்கு மேல் மூணாறு என்று வழி. மொத்தம் 150 கிலோமீட்டரை ஒட்டி வரும். சமவெளிக் காற்று, முள்காடு, கொண்டை ஊசி வளைவு, தேயிலைத் தோட்டத்துக் குளிர் எல்லாம் அதற்குள் வந்துவிடுவதால் ஒரு வண்டியைச் சோதிக்க இதைவிட நல்ல பாதை எங்கள் பக்கத்தில் இல்லை.

முதலில் சில எண்கள்

2023 நவம்பரில் விற்பனைக்கு வந்த வண்டி இது. 452 சிசி எஞ்சின், திரவக் குளிரூட்டல், ஆறு கியர். 8,000 சுற்றில் 40 குதிரைத்திறனும் 5,500 சுற்றில் 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. எரிபொருளோடு எடை 196 கிலோ. டேங்க் 17 லிட்டர். இருக்கை உயரத்தை 825 அல்லது 845 மில்லிமீட்டரில் வைத்துக்கொள்ளலாம். தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் 230 மில்லிமீட்டர் இடைவெளி. முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17 அங்குலம். இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் 200 மில்லிமீட்டர் வரை இறங்கி ஏறும். இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் உண்டு.

இதற்கு முன் இருந்த ஹிமாலயன் 411, 2016இல் வந்தது. அதையும் நான் ஓட்டியிருப்பதால் தேவையான இடத்தில் ஒப்பிடுகிறேன்.

ஏன் இந்தக் காடு

முதலமடை, பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. மாம்பழத்துக்குப் பேர் போன ஊர். நாட்டின் மற்ற இடங்களில் மா பூத்துக்கொண்டிருக்கும்போதே இங்கே காய் பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். தெற்கே சுவர் எழுப்பியது போலத் தென்மலை நிற்கிறது. அதற்கு மேலே நெல்லியாம்பதி. பரம்பிக்குளம் புலிகள் காப்பகமும் இந்தப் பஞ்சாயத்தின் எல்லைக்குள்தான் வருகிறது. ஆனால் சாலை வழியாகப் போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டுக்குள் இறங்கி ஆனைமலை, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று சுற்றித்தான் போக வேண்டும். சேத்துமடைச் சோதனைச்சாவடிக்கு அப்பால் இரு சக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. அந்தக் கட்டுப்பாடு சரியானதுதான். யானையும் காட்டெருமையும் நடமாடும் ஒற்றை வழியில் திறந்த வண்டியில் போகிறவருக்கு ஒதுங்க இடம் இருக்காது. பரம்பிக்குளத்தைப் பார்க்க நினைப்பவர்கள் பேருந்திலோ வனத்துறை வண்டியிலோ போவதுதான் முறை.

மோட்டார் சைக்கிளுக்குப் பகலில் திறந்திருக்கும் காட்டு வழி என்றால் உடுமலை–மூணாறு சாலை. உடுமலையிலிருந்து அமராவதி அணைக்குப் பிரியும் சாலையைத் தாண்டியதும் ஒன்பதாறு சோதனைச்சாவடி வரும். அங்கிருந்து தமிழ்நாட்டின் ஆனைமலைப் புலிகள் காப்பகம். சின்னாற்றில் மாநில எல்லை. அதைத் தாண்டினால் கேரளத்தின் சின்னாறு வன உயிரினச் சரணாலயம். 1984இல் அறிவிக்கப்பட்ட இந்தச் சரணாலயம் ஏறத்தாழ 90 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. கேரளம் என்றாலே மழைக்காடு என்று நினைப்பவர்களுக்கு இந்த இடம் வியப்பாக இருக்கும். மழை மறைவுப் பகுதி என்பதால் முள்மரங்களும் கள்ளியும் பாறையுமாகக் காய்ந்து கிடக்கும். இங்கே ஓடும் பாம்பாறு, கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளில் ஒன்று. தமிழ்நாட்டுக்குள் வந்து அமராவதியாகிக் காவிரியில் சேர்கிறது.

ஏறுவதும் இறங்குவதும்

பிள்ளையோடு போகும் பயணத்தில் வண்டி சாய்வதற்கு அதிக வாய்ப்புள்ள நேரம், அது நிற்கிற நேரம்தான். ஹிமாலயனின் பின் இருக்கை, ஓட்டுபவர் இருக்கையைவிட ஒரு படி உயர்ந்தது. பதினொரு வயதுப் பிள்ளை தரையிலிருந்து காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியாது. கால்தாங்கியில் இடது காலை ஊன்றி, என் தோளைப் பிடித்து எழும்பி, வலது காலை அந்தப் பக்கம் போட வேண்டும். அந்த ஒரு நொடியில் அவளுடைய முழு எடையும் இடது பக்கம் விழும். வண்டி 196 கிலோ. என் உயரத்துக்கு 825 மில்லிமீட்டர் இருக்கையில் குதிகால் தரையில் படாது, பாதத்தின் முன்பகுதிதான் ஊன்றும்.

ஆகவே எங்களுக்குள் ஒரு முறை வைத்துக்கொண்டோம். நான் முதலில் ஏறி, வண்டியை நேராக நிறுத்தி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, "ஏறு கண்ணு" என்று சொன்ன பிறகுதான் அவள் கால்தாங்கியில் கால் வைக்க வேண்டும். இறங்கும்போதும் அப்படியே. நான் "இறங்கு" என்று சொல்லாமல் அவள் அசையக் கூடாது. உயரம் குறைந்தவர்களுக்காக 805 மில்லிமீட்டர் தாழ்ந்த இருக்கையை நிறுவனமே தனியாக விற்கிறது. பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் வேறு எந்தத் துணைப்பொருளுக்கும் முன்னால் இதைத்தான் வாங்க வேண்டும். பெட்டியும் பனிவிளக்கும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கால்தாங்கியின் இடம் நன்றாக அமைந்திருக்கிறது. மகளின் இரண்டு பாதமும் முழுதாகப் பதிந்தன, முழங்காலும் அதிகம் மடங்கவில்லை. வலது பக்கம் சைலன்சர் மேல்நோக்கி ஏறிப் போகிறது. அதற்கு வெப்பக் கவசம் உண்டு. இருந்தாலும் அரைக்கால் உடுப்போடு பிள்ளையை உட்கார வைக்கக் கூடாது. தடித்த முழுக்கால் உடுப்பும் கணுக்காலை மூடும் ஷூவும் கட்டாயம்.

பின்னால் இரு பக்கமும் கைப்பிடிகள் இருக்கின்றன. பெரியவர்களுக்கு அவை போதும். சிறு பிள்ளை கையைப் பின்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டால் வண்டி முன்னே இழுக்கும்போது உடல் பின்னால் சாயும். ஓட்டுபவர் இடுப்பில் கட்டிக்கொள்ள, இரண்டு பக்கமும் பிடி வைத்த பெல்ட் கிடைக்கிறது. அதைக் கட்டிக்கொண்டேன். அவள் பிடி இறுகுவதும் தளர்வதும் என் இடுப்பிலேயே தெரிந்துவிடும். பிடி தளர்ந்தால் தூக்கம் வருகிறது என்று அர்த்தம். உடனே ஓரம் கட்ட வேண்டும். நீண்ட பயணத்தில் பிள்ளைகள் ஓடும் வண்டியிலேயே கண்ணயர்ந்துவிடுவார்கள். இதற்கு எந்த வண்டியிலும் தொழில்நுட்பத் தீர்வு கிடையாது, அடிக்கடி நிறுத்துவதுதான் வழி.

ஹெல்மெட் மோதும் சத்தம்

பின்னால் பிள்ளை இருக்கும்போது எஞ்சினை எப்படி மதிப்பிடுவது? நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று. கியர் மாற்றும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அவளுடைய ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் 'டொக்' என்று முட்டும். அந்தச் சத்தம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்ல வண்டி, அவ்வளவு நல்ல ஓட்டம்.

கோவிந்தாபுரத்திலிருந்து உடுமலை வரை அந்தச் சத்தமே இல்லை. ஐந்தாவது, ஆறாவது கியரில் 70 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிதானமாக ஓடுகிறது. அதிர்வு கால்தாங்கி வரை எட்டவில்லை என்று மகள் சொன்னாள். 411இல் இதே வேகத்தில் கைப்பிடியிலும் கால்தாங்கியிலும் அதிர்வு தெரியும்.

காட்டுக்குள் கதை மாறுகிறது. ஒன்பதாறுக்கு அப்பால் 30 கிலோமீட்டருக்கு மேல் போவதில் அர்த்தமில்லை. அடுத்த வளைவில் என்ன நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. இந்த வேகத்தில்தான் இரண்டு எஞ்சின்களின் குணமும் வேறுபடுகிறது. 411இன் சிலிண்டர் விட்டம் 78 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 86 மில்லிமீட்டர். விட்டத்தைவிட நகரும் தூரம் கூடுதலாக இருப்பதால் குறைந்த சுற்றிலேயே இழுவை வந்துவிடும். அதன் 32 நியூட்டன் மீட்டர் விசை 4,250 சுற்றை ஒட்டியே முழுதாகக் கிடைத்துவிடுகிறது. 450இல் விட்டம் 84, நகரும் தூரம் 81.5. மேல் சுற்றில் பாய்வதற்கென்று செய்த எஞ்சின் இது. 30 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியரில் சோம்பலாகப் போய்க்கொண்டிருந்துவிட்டு ஆக்சிலரேட்டரைத் திருகினால் ஒரு கணம் தயங்கிவிட்டுப் பிறகு இழுக்கிறது. அந்த இடத்தில் 'டொக்'.

இதற்கு வழி இருக்கிறது. காட்டுக்குள் இரண்டாவது கியரிலேயே இருங்கள். எஞ்சின் 3,000 சுற்றுக்கு மேல் நிற்கும், தயக்கம் வராது. 'ஈகோ' ஓட்ட முறையைத் தேர்ந்தெடுங்கள். ஆக்சிலரேட்டர் மின்னணு முறையில் இயங்குவதால் இந்த முறையில் திருகலுக்கு எஞ்சின் மென்மையாக மறுமொழி தருகிறது. தனியாக ஓட்டுகிறவர்கள் இதைச் சீந்த மாட்டார்கள். பின்னால் பிள்ளை இருந்தால் இந்த வண்டியின் மிக நல்ல அம்சம் இதுதான். ஸ்லிப்பர் கிளட்ச் இருப்பதால், கொண்டை ஊசி வளைவுக்கு முன் சட்டென்று கியர் குறைத்தாலும் பின்சக்கரம் துள்ளுவதில்லை. கிளட்ச் பிடியும் இலகுவாக இருக்கிறது. சின்னாறிலிருந்து மறையூர் ஏறும் வரை இடது கை வலிக்கவில்லை.

மொத்தத்தில், மெதுவாகப் போவதற்கு 411 தானாகவே பொருந்தும். 450இல் ஓட்டுபவர் கொஞ்சம் கவனம் வைத்தால் அதே மென்மை கிடைக்கும். சமவெளியிலும் மூணாறு ஏற்றத்திலும் 450 வெகுதூரம் முன்னே நிற்கிறது. இரண்டு பேரும் பைகளும் ஏறிய பிறகும் ஏற்றத்தில் திணறவில்லை.

சஸ்பென்ஷனும் பிரேக்கும்

முதலமடையின் மாந்தோப்புகளுக்கு நடுவே போகும் செம்மண் பாதைகளிலும், சுள்ளியாறு அணைப் பக்கத்துக் கல் பாவிய வழிகளிலும் முதலில் ஓட்டிப் பார்த்தோம். பறிப்புக் காலத்தில் டிராக்டர் டயர் உழுத தடங்கள் காய்ந்து இறுகிக் கிடக்கும். 21 அங்குல முன்சக்கரம் அவற்றைச் சுலபமாக ஏறிக் கடக்கிறது. 43 மில்லிமீட்டர் ஷோவா முன் ஃபோர்க் முதல் சில மில்லிமீட்டரிலேயே மென்மையாக இறங்கத் தொடங்குகிறது. மணிக்கட்டுக்கு அடி வரவில்லை.

பின் சஸ்பென்ஷனில் ஒரு நுணுக்கம் உண்டு. பின்னால் ஆள் ஏறினால் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பெரியவர்களுக்குச் சரி. பிள்ளையின் எடை பெரியவரின் எடையில் பாதிகூட வராது. பெரியவருக்கு இறுக்குவது போல இறுக்கினால் ஒவ்வொரு பள்ளத்திலும் பிள்ளையைத் தூக்கிப் போடும். தனியாக ஓட்டும்போது உள்ள நிலையிலிருந்து ஒரு படி மட்டும் கூட்டினால் போதும். கனமான பைகளைப் பின்னால் கட்டினால் அதற்கேற்ப இன்னொரு படி. பைகளைப் பின் தட்டில் உயரமாக அடுக்காமல் இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்கவிட்டால் நிற்கும்போது தடுமாற்றம் குறையும்.

முன் டிஸ்க் 320 மில்லிமீட்டர், பின் டிஸ்க் 270. பிடிமானம் போதுமானது. பிள்ளை பின்னால் இருக்கும்போது பின் பிரேக்கை முதலில் லேசாகத் தொட்டு வண்டியைக் கொஞ்சம் அமர வைத்து, பிறகு முன் பிரேக்கைப் படிப்படியாகச் சேர்க்க வேண்டும். அப்போது வண்டி முன்னால் முட்டிக் குனியாது, ஹெல்மெட்டும் முட்டாது. பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைத்துவைக்கும் வசதி மண்பாதை ஆர்வலர்களுக்காகத் தரப்பட்டது. இந்த மாதிரிப் பயணத்தில் அதை அணைக்கவே கூடாது.

காற்றையும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவிந்தாபுரத்திலிருந்து உடுமலை வரை துரத்தும். சாலையோரக் காற்றாலைகளைப் பார்த்தாலே அதன் பலம் புரியும். ஆனி, ஆடியில் இது உச்சம். உயரமான வண்டி, மேலே இரண்டு பேர், பக்கவாட்டில் பைகள் என்று காற்று மோதும் பரப்பு பெரியது. தை மாதத்தில் சிரமம் இல்லை. ஆடியில் போகிறவர்கள் 60க்கு மேல் போக வேண்டாம்.

திரை, வரைபடம், பேச்சு

வட்ட வடிவத் திரையில் கூகுள் வரைபடமே தெரிகிறது. ஊர்களுக்குள் வழி தேட மிகவும் உதவுகிறது. ஆனால் அந்த வரைபடம் நம் செல்பேசியிலிருந்துதான் திரைக்கு வருகிறது. செல்பேசியின் சார்ஜ் வேகமாகக் கரையும், காட்டுக்குள் சிக்னலும் போய்விடும். ஒன்பதாறு முதல் மறையூர் வரை ஒரே சாலை என்பதால் வழி தவற வாய்ப்பில்லை. அங்கே அதை அணைத்துவிட்டுச் செல்பேசியின் சார்ஜை அவசரத்துக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

அதைவிடப் பயன்பட்டது ஹெல்மெட்டில் பொருத்தும் புளூடூத் பேசி. இரண்டு ஹெல்மெட்டும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்வதால் செல்பேசி சிக்னல் தேவையில்லை. பிள்ளைக்குத் தாகமா, குளிரா, கால் மரத்துவிட்டதா என்று கத்தாமல் கேட்கலாம். வண்டிக்கு வேறு எதுவும் வாங்காவிட்டாலும் பிள்ளையோடு போகிறவர்கள் இதை வாங்க வேண்டும் என்பேன்.

சின்னாறில் அதன் வழியாகத்தான் மகள் சொன்னாள்: "அம்மா, எனக்கு ரோடே தெரியல. உன் முதுகுதான் தெரியுது."

இதை யாரும் விமர்சனத்தில் எழுதுவதில்லை. பின் இருக்கை ஒரு படி உயரம்தான். ஆனால் பதினொரு வயதில் உட்கார்ந்த உயரம் குறைவு. கண் என் தோளுக்கு நேராகத்தான் வருகிறது. அமெரிக்கரான ராபர்ட் பிர்சிக் 1968இல் தன் பதினொரு வயது மகன் கிறிஸ்ஸைப் பின்னால் உட்கார வைத்து, 305 சிசி ஹோண்டா வண்டியில் மினசோட்டாவிலிருந்து வடக்குச் சமவெளிகளையும் மலைகளையும் கடந்து கலிஃபோர்னியா வரை போனார். அந்தப் பயணத்தை வைத்து அவர் எழுதிய 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்' 1974இல் வெளிவந்தது. அதில் பயணம் முடியப் போகும் நேரத்தில்தான் பையன் கால்தாங்கியில் எழுந்து நிற்கிறான். அப்பாவின் தோளுக்கு மேலே அவனுக்கு வழி தெரிவது அதுதான் முதல் தடவை. அத்தனை தூரமும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான். அரை நூற்றாண்டு கடந்தும் வண்டிகளின் பின் இருக்கை இந்த விஷயத்தில் பெரிதாக மாறிவிடவில்லை.

இருக்கையை மெத்தை போட்டு உயர்த்துவது தீர்வாகாது. கால் கால்தாங்கியை விட்டு எழும்பிவிடும். எழுந்து நிற்கச் சொல்வதும் ஆபத்து. வேலையைப் பிரித்துக்கொள்வதுதான் வழி. சாலை என்னுடையது, இரண்டு பக்கமும் அவளுடையது. ஓட்டுகிறவர் கண் சாலையை விட்டு விலகக் கூடாது. பின்னால் இருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பாம்பாற்றங்கரை மருத மரங்களில் சாம்பல் நிற அணில் நீண்ட வால் தொங்கப் படுத்திருந்ததை அவள்தான் பார்த்தாள். இந்தியாவில் இந்தப் பெரிய அணில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தையும் சின்னாறையும் விட்டால் வெகுசில இடங்களில்தான் இருக்கிறது. நான் அதைத் தாண்டிப் போயிருப்பேன்.

யானை நிற்கும்போது

ஒன்பதாறு சாவடியில் இருந்த காவலர் பின்னால் பிள்ளையைப் பார்த்துவிட்டு, "அக்கா, நடுவுல எங்கயும் நிறுத்தாதீங்க. முன்னால பஸ் போகுது, அது பின்னாலயே போயிடுங்க" என்றார். இந்தச் சாலையில் கிடைக்கும் மிக நல்ல ஆலோசனை அதுதான். உடுமலை–மூணாறு பேருந்து ஓட்டுநர்களுக்கு யானை எங்கே தண்ணீருக்கு இறங்கும், எப்போது சாலையைக் கடக்கும் என்பது அத்துப்படி.

அன்று பேருந்து ஒரு வளைவில் நின்றது. நாங்கள் அதற்கு நன்றாகப் பின்தள்ளி நின்றோம். முன்னால் ஒரு பெண் யானையும் குட்டியும் சாலையைக் கடந்துகொண்டிருந்தன. வண்டி நின்றதும் ரேடியேட்டர் விசிறி சுழலத் தொடங்கியது. திரவக் குளிரூட்டல் உள்ள எந்த வண்டியிலும் வெயிலில் ஏறி வந்து நின்றால் இது நடக்கும். ஊருக்குள் அந்தச் சத்தம் காதிலேயே விழாது, அந்த அமைதியில் பெரிதாகக் கேட்டது. என் இடுப்புப் பெல்ட்டில் மகளின் பிடி இறுகியது. பேருந்து நகரும் வரை இருவரும் பேசவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் எடை முக்கியமாகிவிடுகிறது. திரும்பிப் போக வேண்டி வந்தால், 196 கிலோ வண்டியைப் பிள்ளையோடு குறுகிய சாலையில் திருப்பத் தெரிந்திருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் காலி மைதானத்தில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு, கால் ஊன்றாமல் வட்டம் போட்டுப் பழகுங்கள். யானையைக் கண்டால் தூரத்திலேயே நில்லுங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், இறங்காதீர்கள், படம் எடுக்கக் கையை உயர்த்தாதீர்கள். மறையூர்–மூணாறு சாலையில் படையப்பா என்று ஊரார் பெயர் வைத்த கொம்பன் யானை நடமாட்டம் உண்டு. சாவடியில் கேட்டுக்கொண்டு போங்கள். பொழுது சாய்ந்த பிறகு இந்தக் காட்டு வழியில் இரு சக்கர வண்டியில் இருக்கவே கூடாது.

பிள்ளைக்கான சட்டமும் ஹெல்மெட்டும்

மோட்டார் வாகனச் சட்டம் 129ஆம் பிரிவின்படி நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். கேரளத்தில் பின்னால் இருப்பவருக்கும் 2019 டிசம்பர் முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துகிறார்கள். நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு 2022இல் தனி விதி வந்தது. அதன்படி குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அந்த வயதுக் குழந்தையோடு இந்த மாதிரிப் பயணம் வேண்டவே வேண்டாம்.

பெரியவர் ஹெல்மெட்டில் துணியைத் திணித்துப் பிள்ளைக்குப் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதை விட்டுவிட வேண்டும். புருவத்துக்குச் சற்று மேலே தலையைச் சுற்றி அளவு நாடாவால் அளந்து பாருங்கள். பதினொரு வயதுப் பிள்ளைகள் பலருக்கு 52 முதல் 54 சென்டிமீட்டர் வரும். அந்த அளவில் ஐஎஸ்ஐ முத்திரையோடு ஹெல்மெட் கிடைக்கிறது. கழுத்துப் பட்டையைப் பூட்டிய பிறகு ஹெல்மெட்டைப் பிடித்து அசைத்தால் தலையும் சேர்ந்து அசைய வேண்டும். எடை குறைந்ததாகப் பாருங்கள், பிள்ளையின் கழுத்து மெலிந்தது.

உடுப்பில் வெப்பநிலையைக் கணக்கிடுங்கள். சின்னாறில் வியர்க்கும். ஆயிரம் மீட்டரை ஒட்டிய மறையூரில் இதமாக இருக்கும். 1,500 மீட்டருக்கு மேலே மூணாறில் தை மாதக் காலை விறைக்கும். ஓட்டுகிறவரின் முதுகு கொஞ்சம் காற்றைத் தடுத்தாலும் பிள்ளையின் கையும் முழங்காலும் சீக்கிரம் சில்லிட்டுவிடும். கையுறை மறக்கக் கூடாது.

எரிபொருள், டயர், விலை

இந்தப் பாதையில் லிட்டருக்கு முப்பது கிலோமீட்டரை ஒட்டிக் கொடுத்தது. 17 லிட்டர் டேங்க் என்பதால் உடுமலையில் நிரப்பினால் மூணாறு போய்த் திரும்பிவரப் போதும். காட்டுக்குள் பெட்ரோல் கவலை இல்லை. பிள்ளையோடு போகும்போது இது சிறிய விஷயம் அல்ல.

ஆரம்பத்தில் வந்த வண்டிகளில் ட்யூப் உள்ள டயர்கள்தான். காட்டு நடுவே பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றாமல் வேலை ஆகாது. பிறகு ட்யூப் இல்லாத ஸ்போக் சக்கரங்கள் கூடுதல் விலைக்கு வந்தன. புதிதாக வாங்குகிறவர்கள் கட்டாயம் அதைத்தான் எடுக்க வேண்டும். ஒட்டும் கருவியும் சிறிய காற்றடிப்பானும் இருந்தால் சில நிமிடங்களில் கிளம்பிவிடலாம்.

வண்டி அறிமுகமானபோது ஷோரூம் விலை 2.69 லட்சம் ரூபாயிலிருந்து தொடங்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம் ஆனது. 350 சிசி வரை 18 சதவீதம். இந்த வித்தியாசத்தை வாங்குகிறவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும். விலை கையைக் கடிக்கிறது என்பவர்களுக்கும் எடையைப் பார்த்துத் தயங்குகிறவர்களுக்கும் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 நல்ல மாற்று. அதுவும் 21 அங்குல முன்சக்கரம், 220 மில்லிமீட்டர் தரை இடைவெளி கொண்டது. எடை 160 கிலோவுக்குள் இருப்பதால் நிற்கும்போதும் திருப்பும்போதும் பெரிய நிம்மதி. டேங்க் 13 லிட்டர். மூணாறு ஏற்றத்தில் இரண்டு பேரோடு மூச்சு வாங்கும். ஆனால் சின்னாறின் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை.

யாருக்கு ஏற்றது

மறையூரில் கரும்புச்சாறு கொதிக்கும் கொட்டகைக்கும், பாறை மேல் பெருங்கற்காலத்து முனியறைகளுக்கும் மகளைக் கூட்டிப் போனேன். மறையூர்ச் சர்க்கரை எனப்படும் இந்த வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கொட்டகைக்காரர் சூட்டோடு உருட்டிக் கொடுத்ததைத் தின்றபடி அவள் வழியில் பார்த்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். அதில் பாதி நான் பார்க்காதது. காரில் போயிருந்தால் அந்த வெயிலும் வாசனையும் திடீர்க் குளிரும் அவளுக்குக் கிடைத்திருக்காது. அந்த அனுபவத்துக்காகத்தான் இவ்வளவு எச்சரிக்கையும் எடுத்துக்கொள்கிறோம்.

ஹிமாலயன் 450 இந்த வேலையை நன்றாகச் செய்கிறது. சஸ்பென்ஷன், பிரேக், டேங்க், பின் கால்தாங்கி ஆகிய நான்கிலும் தேர்ச்சி. குறைந்த வேகத்து இழுவையில் பழைய 411 இதைவிடச் சுலபம். எடையும் இருக்கை உயரமும் ஓட்டுபவரின் உயரத்தையும் பழக்கத்தையும் பொறுத்தவை. ஐந்தடி மூன்று அங்குலத்துக்குக் கீழே உள்ளவர்கள் தாழ்ந்த இருக்கை இல்லாமல் பிள்ளையை ஏற்ற வேண்டாம். கனமான மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் முதலில் சில மாதங்கள் தனியாக ஓட்டிவிட்டுப் பிறகு பிள்ளையை ஏற்றுங்கள்.

வாங்குவதற்கு முன் பிள்ளையையும் ஷோரூமுக்குக் கூட்டிப் போங்கள். பின் இருக்கையில் உட்கார வைத்துப் பாதம் இரண்டும் கால்தாங்கியில் முழுதாகப் பதிகிறதா என்று குனிந்து பாருங்கள். சோதனை ஓட்டத்தை இரண்டு பேராகவே கேட்டு வாங்குங்கள். ஹெல்மெட் எத்தனை முறை முட்டியது என்று பிள்ளையிடம் கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதிலைக் கேட்ட பிறகு முன்பணம் கட்டுங்கள்.